எண்பது கோடு... எத்தனை கை?

வெள்ளிக்கிழமை. எங்கள் ஆபீஸில் டி-ஷர்ட்டுக்கு அனுமதி உள்ள ஒரே நாள். அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் புதிதாகச் சேர்ந்த பையன் கறுப்பு டி-ஷர்ட்டில் வந்து நின்றான். மார்பில் வெள்ளைக் கோடுகள். ஓரத்தில் தட்டையாக ஓடி, நடுவில் மட்டும் குபுக் குபுக்கென்று எகிறிக் குதிக்கும் கோடுகள். எழுத்து என்று ஒன்றுகூடக் கிடையாது.

ரிட்டயர் ஆக இன்னும் எட்டு மாசம் இருக்கிற ஹெட்கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"என்ன தம்பி, அப்பாவுக்கு இ.சி.ஜி. எடுத்தியா? ரிப்போர்ட்டை ஃபைல்ல போடணும்ப்பா, சட்டையில போடக் கூடாது."

"சார், இது ஒரு மியூசிக் பேண்டோட படம் சார். இங்கிலீஷ் பேண்ட்."

"எந்த பேண்ட்?"

பையன் விழித்தான். "தெரியல சார். டிசைன் நல்லா இருந்துது, வாங்கிட்டேன்."

சிரிக்காதீர்கள். உலகம் முழுக்க இந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறவர்களில் பாதிப் பேரை நிறுத்திக் கேட்டாலும் இதே பதில்தான் வரும் என்று பந்தயம் கட்டலாம். மலைத்தொடர் என்பார்கள். கடல் அலை என்பார்கள். பாடகரின் குரலை மெஷினில் பிடித்த வரைபடம் என்று அடித்துச் சொல்கிறவர்களும் உண்டு. ஹெட்கிளார்க்கின் இ.சி.ஜி. கட்சிக்கும் நல்ல மெஜாரிட்டி!

எல்லாமே தப்பு. உண்மை இதையெல்லாம்விட சுவாரசியம். டீ வரட்டும், சொல்கிறேன் என்றேன். டீ வந்தது. சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சுயேச்சைக்கு ஒரு சின்னம்

பேண்டின் பெயர் 'ஜாய் டிவிஷன்'. ஊர், இங்கிலாந்தின் மான்செஸ்டர். அந்தக் காலத்தில் மூடிய மில்களும் கரி படிந்த செங்கல் சுவர்களுமாக இருந்த ஊர். 1976 ஜூனில் 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற அடாவடிக் கோஷ்டி அங்கே வந்து ஒரு கச்சேரி செய்தது. அதைப் பார்த்த இரண்டு வாலிபர்கள், "இவ்வளவுதானா? இதை நாமும் பண்ணலாமே!" என்று முடிவு கட்டினார்கள். ஒருவர் பெர்னார்ட் சம்னர், கிதார். இன்னொருவர் பீட்டர் ஹுக், பேஸ் கிதார். பாடுவதற்கு இயன் கர்ட்டிஸும் டிரம்ஸுக்கு ஸ்டீஃபன் மாரிஸும் வந்து சேர்ந்தார்கள்.

இங்கே நமக்கு வேண்டிய சங்கதி ஒன்று இருக்கிறது. இவர்கள் நம் ஜாதி. ஆபீஸ் ஜாதி! இயன் கர்ட்டிஸ் அரசாங்க வேலைவாய்ப்பு அலுவலகத்தில் குமாஸ்தா நாற்காலியில் உட்கார்ந்து, உடல் ஊனமுற்றவர்களுக்கு வேலை தேடிக் கொடுத்தவர். பீட்டர் ஹுக் கப்பல் கால்வாய் கம்பெனி ஊழியர். சம்னர் கார்ட்டூன் படம் தயாரிக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர். அதனால்தான் முதல் ஆல்பத்தை 1979 ஏப்ரலில், சனி ஞாயிறுகளில் ஸ்டுடியோவுக்குப் போய்ப் பதிவு செய்தார்கள். திங்கட்கிழமை ஆஜர் போட வேண்டுமே!

ஆல்பத்தின் பெயர் 'அன்நோன் ப்ளெஷர்ஸ்'. வெளியிட்டது 'ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ்'. டோனி வில்சன் என்ற டி.வி. அறிவிப்பாளரும் அவருடைய நண்பர் ஆலன் எராஸ்மஸும் 1978-ல் தொடங்கிய குட்டிக் கம்பெனி. லண்டனின் பெரிய ரெக்கார்டு கம்பெனிகளை நம்பாமல் உள்ளூரிலேயே சொந்தக் காசில் இசைத்தட்டு போடுகிறவர்களுக்கு 'இண்டி' என்று பெயர். 'இண்டிபெண்டன்ட்' என்பதன் செல்லச் சுருக்கம். நம் பாஷையில் சுயேச்சை.

சுயேச்சை வேட்பாளருக்கு என்ன முக்கியம்? சின்னம்! கட்சி இல்லை, தலைவர் இல்லை, பிரசாரத்துக்கு நடிகர் இல்லை. பூட்டு சாவியோ, தென்னை மரமோ, தேர்தல் கமிஷன் லிஸ்டில் இருக்கிற ஏதாவது ஒன்றைப் பொறுக்கிக்கொண்டு அதை ஊருக்குள் நிற்க வைக்க வேண்டும். ஜாய் டிவிஷனும் ஒரு சின்னம் தேடியது. லிஸ்ட் கிடைத்த இடம், லைப்ரரி.

லைப்ரரியில் ஒரு கண்டெடுப்பு

மான்செஸ்டர் சென்ட்ரல் லைப்ரரியில் 'கேம்ப்ரிட்ஜ் வானியல் கலைக்களஞ்சியம்' என்று ஒரு தடிப் புத்தகம். 1977-ல் வந்தது. அதைப் புரட்டும்போது கண்ணில் பட்டதுதான் இந்தப் படம். கண்டுபிடித்தது நான்தான் என்று பெர்னார்ட் சம்னர் எழுதியிருக்கிறார். இல்லை, டிரம்மர் மாரிஸ்தான் என்று இன்னொரு கதையும் உலவுகிறது. நல்ல காரியத்துக்கு உரிமை கொண்டாட எப்போதும் இரண்டு பேராவது இருப்பார்கள்! கெட்ட காரியத்துக்குத்தான் ஒருத்தரும் கிடைக்க மாட்டார்.

படம் போய்ச் சேர்ந்த இடம் பீட்டர் சாவில். வயசு 23. மான்செஸ்டர் பாலிடெக்னிக்கில் கிராஃபிக் டிசைன் படித்து முடித்த கையோடு ஃபேக்டரி கம்பெனியில் கூட்டாளி ஆனவர். ஆசாமி எப்படிப்பட்டவர் என்பதற்கு ஒரு உதாரணம். கம்பெனி பிறப்பதற்கு முன்பே, அவர்கள் நடத்திய கச்சேரிக்கு ஒரு போஸ்டர் வரைந்தார். கல்லூரி ஒர்க்‌ஷாப்பில் 'காதுக்குக் கவசம் அணியவும்' என்று ஒரு எச்சரிக்கைப் பலகை தொங்கிக்கொண்டிருந்தது. அதை எடுத்து அப்படியே இசை நிகழ்ச்சி போஸ்டரில் போட்டார். பிரமாதமான போஸ்டர். ஒரே குறை, போஸ்டர் வந்து சேர்வதற்குள் விசேஷம் முடிந்துவிட்டது!

புத்தகத்தில் இருந்த படம், எல்லாப் புத்தகத்திலும் இருக்கிற மாதிரி, வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு. பையன்கள் அட்டையின் வெளிப்பக்கம் வெள்ளையாக இருக்கட்டும் என்றார்கள். சாவில் கேட்கவில்லை. தலைகீழாக்கினார். பின்னணி கறுப்பு, கோடு வெள்ளை.

அவ்வளவுதான் அவர் செய்தது என்று தோன்றும். "இதுக்கு ஒரு டிசைனரா சார்? நெகடிவ் எடுத்தா போச்சு!" என்றான் பையன். கொஞ்சம் பொறு தம்பி.

வெள்ளைத் தாளில் கறுப்புக் கோடு என்றால் மனசு உடனே 'கிராஃப்' என்கிறது. ஒன்பதாம் வகுப்பு பெஞ்சு, ஸ்கேல், பென்சில் எல்லாம் ஞாபகத்துக்கு வந்து தொலைக்கும். அதே கோடு கறுப்பில் வெள்ளையாக வந்தால் ராத்திரி ஆகிவிடுகிறது. இருட்டில் எங்கிருந்தோ ஏதோ மினுங்குகிற மாதிரி. கோடு மாறவில்லை, நாம் பார்க்கிற இடம் மாறிவிட்டது.

அடுத்தது அளவு. எல்.பி. ரெக்கார்டு உறை பன்னிரண்டு அங்குலச் சதுரம். இவ்வளவு இடம் கிடைத்தால் நாமெல்லாம் என்ன செய்வோம்? மூலை முடுக்கெல்லாம் நிரப்புவோம். கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு என்று அடிதடியே நடக்கும்! சாவில் படத்தைச் சின்னதாக்கி நட்ட நடுவில் வைத்துவிட்டு, சுற்றிலும் வெறும் கறுப்பை விட்டார். அந்தக் காலி இடம்தான் கோடுகளைத் தனியாக, தூரத்தில் நிறுத்துகிறது. கூட்டம் நிறைந்த கூடத்தில் ஒருத்தர் அழுதால் காது கேட்காது. ஆளில்லாத வீட்டில் விசும்பினால் கேட்கும்.

மூன்றாவது, கோடுகளுக்குள்ளேயே ஒரு வேடிக்கை. இடது ஓரமும் வலது ஓரமும் சாது. நடுவில் மட்டும் ரகளை. முன்னால் இருக்கிற கோட்டின் மேடு, பின்னால் இருக்கிற கோட்டை மறைக்கிறது. அதனால்தான் வெறும் கோடு, மலை மாதிரி எழுந்து நிற்கிறது. ஒவ்வொரு கோடும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் எகிறுகிறது. ஆனால் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. ஒழுங்கும் கலவரமும் ஒரே படத்தில். கண் மேலே கீழே போய் வந்துகொண்டே இருக்கும், எங்கேயும் உட்கார முடியாது.

நான்காவதுதான் பெரிய தைரியம். முன் அட்டையில் பேண்டின் பெயர் இல்லை! ஆல்பத்தின் பெயர் இல்லை! பாடகர் முகம் இல்லை! நம் ஊர் சினிமா போஸ்டரை நினைத்துப் பாருங்கள். ஹீரோ ஆகாயம் வரை நிற்பார். அவர் காலுக்கிடையில் டைரக்டர், மியூசிக், சண்டைப் பயிற்சி, தயாரிப்பாளரின் மச்சினர் வரை பெயர் இருக்கும். இங்கே கடையில் வந்து "புது ஆல்பம் குடுங்க" என்று கேட்கிறவனுக்கு எதைப் பார்த்து எடுத்துக் கொடுப்பது? யாருக்கும் தெரியாத பேண்டின் முதல் ஆல்பம் வேறு. பெரிய கம்பெனியாக இருந்தால் சேல்ஸ் மேனேஜர் மயங்கி விழுந்திருப்பார். ஃபேக்டரியில் நல்லவேளை சேல்ஸ் மேனேஜரே இல்லை.

உறைக்குச் சொரசொரப்பான அட்டை. கையில் எடுத்தால் நெசவுத் துணியைத் தொடுகிற உணர்ச்சி. உள்ளே இருக்கிற உறை அதற்கு நேர் எதிராக வெள்ளை வெளேர். அதில் ரால்ஃப் கிப்ஸன் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் எடுத்த படம்: லேசாகத் திறந்த கதவு, ஒரு கை. ரெக்கார்டின் இரண்டு பக்கங்களுக்கு 'ஏ', 'பி' என்று பெயர் வைப்பது உலக வழக்கம். இவர்கள் 'வெளியே', 'உள்ளே' என்று வைத்தார்கள். வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம், நடுவில் ஒரு கதவு. மொத்த உறையும் ஒரு வீடு மாதிரி யோசிக்கப்பட்டிருக்கிறது.

பாட்டும் அப்படித்தான் இருந்தது. தயாரிப்பாளர் மார்ட்டின் ஹானட் டிரம்ஸைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தனித்தனியே அடிக்கச் சொல்லிப் பதிவு செய்தவர். கண்ணாடி உடைகிற சத்தத்தைப் பாட்டுக்குள் சேர்த்தவர். எல்லா வாத்தியத்தையும் தூரம் தூரமாக உட்காரவைத்து நடுவில் வெற்றிடத்தை விட்டார். சம்னருக்கும் ஹுக்குக்கும் முதலில் அது பிடிக்கவே இல்லை. மேடையில் நாம் இடி மாதிரி வாசிக்கிறோம், இந்த மனுஷன் நம்மைக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டாரே என்று வருத்தம். ஆனால் அட்டையைப் பார்த்துக்கொண்டே கேட்டால் புரியும். சாவில் கண்ணுக்குச் செய்ததைத்தான் ஹானட் காதுக்குச் செய்திருந்தார்.

1979 ஜூன் 15-ம் தேதி ஆல்பம் வெளியானது. முதல் அச்சு 10,000 பிரதிகள்.

பல்சர் என்றால் பைக் இல்லை!

"சரி சார், அந்தக் கோடு என்னதான்?" என்றார் ஹெட்கிளார்க். டீ ஆறிவிட்டிருந்தது. அவர் கவனிக்கவில்லை.

பல்சர் என்றதும் தம்பிமார்களின் மனசு நூற்றைம்பது சி.சி.யில் பறக்கும். இது அதற்கெல்லாம் தாத்தா. சூரியனைவிடப் பெரிய நட்சத்திரம் ஒன்று வெடித்துச் செத்த பிறகு மிஞ்சுகிற கரு. சூரியன் அளவு எடையை இருபது கிலோமீட்டர் உருண்டைக்குள் திணித்து வைத்த மாதிரி. சென்ட்ரலில் ஏறித் தாம்பரம் போகிற தூரம்கூட இல்லை! அது பம்பரமாய்ச் சுற்றும். சுற்றும்போது அதிலிருந்து ரேடியோ அலை கலங்கரை விளக்கம் மாதிரி வீசும். நம் பக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு 'டிக்'.

இந்த 'டிக்'கை முதன்முதலில் பார்த்தவர் ஒரு மாணவி. ஜாஸ்லின் பெல். வட அயர்லாந்துப் பெண். 1967-ல் கேம்ப்ரிட்ஜில் ஆராய்ச்சி மாணவி, வயசு 24. அவருடைய பேராசிரியர் ஆண்டனி ஹ்யூவிஷ் நாலரை ஏக்கரில் ஒரு ரேடியோ டெலஸ்கோப் திட்டம் போட்டார். திட்டம் பேராசிரியருடையது. வயலில் சம்மட்டி எடுத்துக் கம்பம் அடித்து, கம்பி கட்டி, இரண்டு வருஷம் வியர்வை சிந்தியது மாணவர்கள். ஜாஸ்லினும் சம்மட்டி பிடித்தார்.

டெலஸ்கோப் ஓட ஆரம்பித்ததும் தினம் சுமார் நூறு அடி நீளத்துக்குக் காகிதச் சுருள் கக்கியது. கம்ப்யூட்டர் கிடையாது. ஜாஸ்லின் முழங்கால் போட்டு உட்கார்ந்து அடி அடியாகக் கண்ணால் பார்க்க வேண்டும். ஆகஸ்டில் ஒரு நாள், ஒரு கால் அங்குலம் அளவுக்கு ஒரு கிறுக்கல். வேறு யாராவது இருந்தால் லாரி எஞ்சின் இரைச்சல் என்று தள்ளிவிட்டிருப்பார்கள். இவர் விடவில்லை. வானத்தின் அதே இடத்தில் அது திரும்பத் திரும்ப வருகிறதே! நவம்பர் மாசக் கடைசியில் காகிதத்தை வேகமாக ஓட்டிப் பிடித்தார். 1.337 விநாடிக்கு ஒருமுறை, கடிகாரம் தோற்றுப் போகிற சுத்தத்தோடு ஒரு துடிப்பு.

முதலில் யாரும் நம்பவில்லை. பூமியில் யாரோ செய்கிற கோளாறு என்றார்கள். வேற்றுக் கிரக ஆசாமிகள் தந்தி அடிக்கிறார்களோ என்று பாதி வேடிக்கையாக அதற்கு 'பச்சைக் குட்டி மனிதர்கள்-1' என்று பெயர் வைத்தார்கள். டிசம்பரில் வானத்தின் வேறு மூலையில் இன்னொரு துடிப்பையும் ஜாஸ்லின் பிடித்த பிறகுதான், இது இயற்கையின் வேலை என்று நிம்மதி வந்தது. முதல் நட்சத்திரத்துக்கு 'சி.பி. 1919' என்று பெயர் சூட்டினார்கள். 1919 வருஷம் இல்லை. வானத்தில் அதன் விலாசம்.

1968 பிப்ரவரியில் 'நேச்சர்' பத்திரிகையில் கட்டுரை வந்தது. ஐந்து பேர் பெயர். முதலில் பேராசிரியர், இரண்டாவது ஜாஸ்லின். நிருபர்கள் ஓடி வந்தார்கள். விஞ்ஞானக் கேள்வியெல்லாம் பேராசிரியருக்கு. ஜாஸ்லினிடம் கேட்டது, "உங்களுக்கு எத்தனை பாய் ஃப்ரெண்ட்?"

1974-ல் நோபல் பரிசு. பல்சர் கண்டுபிடிப்புக்காக ஆண்டனி ஹ்யூவிஷுக்கு. கூட மார்ட்டின் ரைல் என்ற இன்னொரு பேராசிரியருக்கு. ஜாஸ்லினுக்கு இல்லை. ஃப்ரெட் ஹாய்ல் என்ற பெரிய விஞ்ஞானி பகிரங்கமாகவே கண்டித்தார். ஜாஸ்லின் மட்டும், ஆராய்ச்சி மாணவர்களுக்கெல்லாம் நோபல் கொடுத்தால் பரிசுக்கு மதிப்புக் குறையும், எனக்கு வருத்தமில்லை என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மை ஊற்றிய அம்மா

"அப்ப சட்டையில இருக்கிறது அந்தப் பொண்ணு பார்த்த காகிதமா?" என்றார் ஹெட்கிளார்க்.

அதுதான் இல்லை. நட்சத்திரம் அவர் கண்டுபிடித்தது. படம் வேறொருவருடையது.

அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகம். அங்கே ஹெரால்டு கிராஃப்ட் என்று இன்னொரு ஆராய்ச்சி மாணவர். போர்ட்டோ ரிக்கோ தீவில், மலைகளுக்கு நடுவே 305 மீட்டர் அகலக் கிண்ணம் மாதிரி அமைத்திருந்த அரெசிபோ டெலஸ்கோப்பில் இதே நட்சத்திரத்தின் துடிப்புகளைப் பதிவு செய்தார். ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் உள்ளே ஏதாவது ஒழுங்கு தெரிகிறதா என்று பார்க்க ஆசை. அதற்காகத் துடிப்புகளை ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக் கம்ப்யூட்டரில் வரைந்தார். கோடு மேல் கோடு ஏறி நூல்கண்டு சிக்கின மாதிரி ஆகிவிட்டது. உடனே, முன் மேடு பின் கோட்டை மறைக்கிற மாதிரி புரோகிராமை மாற்றி எழுதினார். அட்டையில் நாம் பார்த்து மயங்குகிற அந்த மலைத்தொடர் மாயம் அங்கே பிறந்ததுதான். அழகுக்காகச் செய்ததில்லை. கண்ணுக்குப் புரிய வேண்டுமே என்று செய்தது.

மொத்தம் 80 துடிப்புகள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 80-ஐ 1.337-ஆல் பெருக்கினால் சுமார் 107 விநாடி. இரண்டு நிமிஷத்துக்கும் குறைவு. அந்தப் பையன் சட்டையில் சுமந்து வந்தது ஒரு செத்த நட்சத்திரத்தின் வாழ்க்கையிலிருந்து 107 விநாடி!

கம்ப்யூட்டர் போட்ட கோடு மங்கலாக இருந்தது. அச்சுக்கு ஆகாது. கிராஃப்ட் அதை எடுத்துக்கொண்டு, அந்தக் கட்டடத்திலேயே படம் வரைந்து கொடுக்கிற வேலையில் இருந்த ஒரு பெண் ஊழியரிடம் போனார். அந்த அம்மா இந்தியன் இங்க்கைத் தொட்டு, கோட்டின் மேல் கோடாக, ஒவ்வொரு மேடும் பள்ளமும் பிசகாமல் கறுப்பாக இழுத்துக் கொடுத்தார். 1970-ல் கிராஃப்ட் டாக்டர் பட்டத்துக்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டில் அது ஒரு பக்கம் ஆனது. 1971 ஜனவரியில் 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' பத்திரிகையில் வந்தது. பிறகு கலைக்களஞ்சியம். பிறகு மான்செஸ்டர் லைப்ரரி. பிறகு சாவிலின் மேஜை.

இவ்வளவும் நடந்தது ஹெரால்டு கிராஃப்டுக்குத் தெரியாது! ஒரு நாள் கூட வேலை பார்த்தவர் வந்து, "உன் படம் ஒரு ரெக்கார்டு அட்டையில் இருக்கிறது, தெரியுமா?" என்றார். மனுஷன் கடைக்குப் போய்ப் பார்த்தார். அவர் படமேதான். சண்டை போடவில்லை. காசு கொடுத்து ஒரு ஆல்பமும் ஒரு போஸ்டரும் வாங்கிக்கொண்டு வந்தார். தன் படத்தில் தன்னிடமும் ஒரு பிரதி இருக்கட்டுமே என்று!

படம் அர்த்தம் மாறிய நாள்

அட்டை வெளியானபோது அது ஒரு புதிர். பதினோரு மாசத்தில் அது வேறு ஒன்றாகிவிட்டது.

பாடகர் இயன் கர்ட்டிஸுக்கு வலிப்பு நோய். ஆல்பம் பதிவாவதற்குச் சில மாதம் முன்னால்தான், 1979 ஜனவரியில், டாக்டர்கள் உறுதி செய்தார்கள். அதற்கு முன்பே, அவருடைய ஆபீஸுக்கு வேலை தேடி வந்த ஒரு பெண்ணுக்கு இதே நோய். அவள் பிறகு இறந்துபோனாள் என்ற செய்தி வந்தது. அந்தப் பாதிப்பில் எழுதிய 'ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்' இந்த ஆல்பத்தில்தான் இருக்கிறது. கர்ட்டிஸ் மேடையிலேயே வலிப்பு வந்து விழுந்தது உண்டு. அவர் ஆடுகிற ஆட்டமும் வலிப்பு மாதிரியே இருக்கும் என்பதால் ஜனங்கள் சில சமயம் கைதட்டினார்கள். 1980 மே 18-ம் தேதி, பேண்டின் முதல் அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். வயசு 23.

அதற்குப் பிறகு அட்டையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடுகள் வானியல் ஆகத் தெரியவில்லை. மூளையின் அலை, இதயத் துடிப்பு, ஒரு மனுஷனுக்குள் நடந்த கலவரம் என்று தெரிந்தது. சாவில் ஒரு வார்த்தைகூடப் போடாமல் விட்ட இடத்தில் ஜனங்கள் தங்கள் துக்கத்தை எழுதிக்கொண்டார்கள். பெயரைப் பெரிசாகப் போட்டு, நாலு பேர் முகத்தையும் அச்சடித்திருந்தால் அது 1979-ம் வருஷத்து விளம்பரமாக மஞ்சள் பூத்துப் போயிருக்கும்.

மிச்சம் இருந்த மூவரும் 'நியூ ஆர்டர்' என்று பெயர் மாற்றிக்கொண்டு வாசித்தார்கள். 1983-ல் அவர்களுடைய 'ப்ளூ மண்டே'வுக்கு சாவில் கம்ப்யூட்டர் ஃப்ளாப்பி மாதிரி ஓட்டை ஓட்டையாக வெட்டிய உறை செய்தார். அதிலும் பெயர் இல்லை, பதிலுக்கு வர்ணக் கட்டங்கள்! ரெக்கார்டு அமோக விற்பனை. உறைக்கு ஆன செலவில், விற்க விற்கக் கம்பெனிக்கு நஷ்டம் என்பது இன்றும் சொல்லிச் சிரிக்கிற கதை. 1992-ல் ஃபேக்டரி திவாலானது. அட்டைகள் மட்டும் திவாலாகவில்லை.

2012-ல் டிஸ்னி கம்பெனியே அந்தக் கோடுகளை மிக்கி மவுஸ் தலை வடிவத்தில் வளைத்து டி-ஷர்ட் போட்டு, ரசிகர்கள் ரகளை செய்ததும் சில நாளில் கடையிலிருந்து எடுத்துவிட்டது. சுயேச்சையின் சின்னத்தைப் பெரிய கட்சி திருடப் பார்த்த கதை!

யாருடைய படம்?

"அப்ப யாரைத்தான் சார் சொல்றது?" என்றான் பையன். "படம் யாரோடது?"

நட்சத்திரத்தைக் கண்டவர் ஜாஸ்லின். கோடுகளை அடுக்கியவர் கிராஃப்ட். லைப்ரரியில் கண் வைத்தவர் சம்னர். இருட்டில் நிறுத்தியவர் சாவில். அதற்கு உயிரைக் கொடுத்தவர் கர்ட்டிஸ். இந்த வரிசையில் யாரை எடுத்துவிட்டாலும் உன் சட்டை வெறும் கறுப்புச் சட்டைதான் தம்பி.

ஜாஸ்லின் பெல்லுக்குக் கணக்கு கொஞ்சம் நேரானது. 2018-ல் 30 லட்சம் டாலர் சிறப்புப் பரிசு ஒன்று வந்தது. ஒரு டாலர்கூடத் தனக்கு வைத்துக்கொள்ளாமல், வாய்ப்புக் கிடைக்காத பிரிவுகளிலிருந்து பௌதிகம் ஆராய வருகிற மாணவர்களுக்கு உதவித்தொகையாகக் கொடுத்துவிட்டார். அரெசிபோ டெலஸ்கோப் 2020 டிசம்பர் 1-ம் தேதி இடிந்து விழுந்தது. டோனி வில்சன் 2007-லேயே போய்விட்டார். நட்சத்திரம் மட்டும் 1.337 விநாடிக்கு ஒரு 'டிக்' என்று இன்றும் அடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் இந்தப் பக்கத்தைப் படித்து முடிப்பதற்குள் ஐந்நூறு சுற்றாவது சுற்றியிருக்கும்.

ஹெட்கிளார்க் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. முப்பத்து நாலு வருஷமாக டிராஃப்ட் எழுதுகிறவர் அவர். எழுதுவது அவர், கீழே கையெழுத்து வேறொருவர். அது சரித்திரம்.

"அந்த இங்க் போட்டு இழுத்த அம்மா..." என்றார். "அவங்க பேரு என்ன?"

கிராஃப்ட் பின்னாளில் இந்தக் கதையைச் சொன்னபோது அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னார். பெயரைச் சொல்லவில்லை.

"போட்டிருக்கலைங்க சார்" என்றேன்.

"போட மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிக்கொண்டு ஃபைலைப் பிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பையனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தச் சட்டை என்ன விலை? என் சைஸ்ல கிடைக்குமா?"